சனிக்கிழமை மரம்

நெகுலாய் விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது போல் இரண்டு தட்டு.

“இத திறக்கச் சொல்லு, மாப்ளே.”

“திறக்க மாட்டாங்க மாமா.”

“ஏன்?”

“உள்ள குளிர் வெச்சிருக்காங்க. இந்த ஊர்ல அப்படித்தான்.”

“கடையில கேக் வெக்கிற மாதிரி வெச்சிருக்கானுங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்மராண்டா படுத்திருந்தாள். பூவேலை செய்த வெள்ளைச் சட்டை. வசந்த விழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் அவள் எடுத்துப் போட்டுக்கொள்வது. கழுத்துக் கயிற்றை ஷூ லேஸ் போல் முடிச்சுப் போட்டிருந்தார்கள். அப்படி முடிச்சுப் போடக் கூடாது. இரண்டு குஞ்சங்களும் தளர்வாகத் தொங்க வேண்டும். அவள் கணவன் டிபேரியு நேற்றிலிருந்து அந்த முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். சாயங்காலம் வரை இருந்தாள். அதன் பிறகு டிபேரியுவுக்கு நீளமான வாக்கியங்கள் வருவதில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். ஆலைக்கு, தூதரகத்துக்கு, மாமனாருக்கு என்று எல்லோருக்கும் அவனே போன் செய்தான். ஒரு இடத்திலும் குரல் பிசகவில்லை.

நெகுலாய் தோள்பையிலிருந்து செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். தேன்மெழுகில் உருட்டிய மெல்லிய மெழுகுவர்த்தி, வட்டவட்டமாகச் சுருட்டி வைத்திருந்தது. நீட்டிப் பிடித்தால் ஸ்மராண்டாவின் உயரம் இருக்கும். இறந்தவரின் உயரத்துக்கு மெழுகுவர்த்தி செய்து, சுருட்டி, நெஞ்சின்மேல் வைத்து ஏற்றுவது அவர் பக்கத்து வழக்கம். ஊரில், பக்கா நகரத்துக்கு அருகே கிராமத்தில், சொந்தத் தேன்பெட்டி மெழுகில், செய்தி வந்த ராத்திரியே அவர் உட்கார்ந்து உருட்டியிருந்தார்.

“உயரம் எப்படித் தெரிஞ்சுது மாமா?”

“சமையல்கட்டு வாசல் நிலையில பென்சில் கோடு இருக்கு. காலேஜுக்குப் போறப்ப போட்டது. அதுக்கப்புறம் வளந்தாளா?”

“இல்ல.”

“அப்ப சரி.” சுருளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “ஏர்போர்ட்ல ஒருத்தன் இத புடிச்சு வெச்சுக்கிட்டான். வெடிக்கிற சாமான்னு நெனச்சுட்டான் போல. மோந்து பாருடா, தேன் வாசனை வரும்னேன். மோந்து பாத்தான். அப்புறம் சிலுவை போட்டுக்கிட்டு விட்டுட்டான்.”

சவ நிலையத்துப் பெண் கதவருகே வந்து நின்றாள். நெகுலாயின் கையில் தீப்பெட்டியைப் பார்த்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்றா?”

“இங்க ஏத்தக் கூடாதாம். அலாரம் அடிக்குமாம்.”

நெகுலாய் அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். சுருளை மறுபடி செய்தித்தாளில் சுற்றினார்.

“இந்த ஊர்லயா எம்பொண்ண விட்டுட்டுப் போகச் சொல்றே?”

டிபேரியு கார் சாவியை எடுத்தான். “கோயில்ல ஏத்தலாம். வாங்க.”

காரில் இருவரும் கிளம்பினார்கள். முன்னால் சவ வண்டி போய்க்கொண்டிருந்தது. சாலையின் இரு பக்கமும் ஆரஞ்சுத் தோட்டங்கள், அதற்கப்பால் ஓடு செய்யும் ஆலைகளின் புகைபோக்கிகள். அவற்றில் மூன்றாவது டிபேரியுவின் ஆலை. அங்கே ஆய்வகத்தில் தரை ஓடுகளுக்கான மெருகுக் கலவை பார்க்கிற வேலை அவனுக்கு.

“அந்தச் சுவரு” என்று நெகுலாய் ஆரம்பித்தார்.

நேற்று இறங்கியதும் அவரை மயானத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தான். இங்கே தரையில் புதைப்பது குறைவு. நீளமான சுவர், அதில் அடுக்கடுக்காக அறைகள். பெட்டியை உள்ளே தள்ளி வாயை அடைத்துவிடுவார்கள். ஸ்மராண்டாவுக்குக் கிடைத்தது நான்காவது அடுக்கு. அங்கே பூ வைக்க வேண்டுமென்றால் சக்கரம் வைத்த இரும்பு ஏணியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

“அது சுவரில்ல. மேசை டிராயரு. துணி மடிச்சு வெக்கிற எடம். மனுஷன மண்ணுல வெக்கணும்.”

“ம்.”

“அங்க ஊர்ல அவ அம்மா பக்கத்துல எனக்கு எடம் இருக்கு. கல்லுல எம்பேரு வெட்டியாச்சு. பொறந்த வருஷம் போட்டு, ஒரு கோடு இழுத்து, மிச்சத்த காலியா விட்டிருக்கான். அந்த எடத்த அவளுக்குக் குடுத்துடறேன். எம்பேர செதுக்கி எடுத்துடச் சொல்றேன். நான் எங்கயாவது வேலியோரமா படுத்துக்கறேன்.”

டிபேரியு சிவப்பு விளக்கில் நிறுத்தினான். அவர் அதை ராத்திரியே முடிவு செய்துவிட்டார் என்று புரிந்தது. பேரம் பேசும் குரல் இல்லை அது.

“ஊருக்குப் போற வண்டி கோயில்ல வந்து நிக்குது” என்றார் நெகுலாய். “மாட்ரிட்லேந்து விடியக்காலைல கிளம்பிட்டானாம். மூணு நாள்ல ஊருக்குக் கொண்டுபோய்ச் சேத்துடுவான். நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

“ஸ்மராண்டா இங்கதான் இருப்பா மாமா.”

“யாரு வெளக்கு ஏத்துவா? அத மட்டும் சொல்லு. குழந்தை இல்ல. நீ சின்ன வயசு. இன்னும் ரெண்டு வருஷத்துல உனக்கு வேற ஒருத்தி வந்துடுவா. வரட்டும், நான் தப்பு சொல்லல. ஆனா அப்புறம் அந்த ஏணிய யாரு தள்ளிட்டு வருவா?”

விளக்கு பச்சையானது. டிபேரியு காரை எடுத்தான்.

கையெழுத்துப் போடமாட்டேன் என்றால் விஷயம் அதோடு முடிந்துவிடும். கணவன் அவன்தான். ஆனால் இவர் அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போவார், சுவருக்கு முன்னால் அவன் தனியாக நிற்பான். அது கூடாது. அவருடைய மகளை அவர் வந்து வைக்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. நடக்கும் என்று மட்டும் தெரிந்தது.

கோயில் என்பது முன்பு ஆரஞ்சுப் பழம் பெட்டி கட்டிய கொட்டகை. கீழே வழிபாடு, மாடியில் ஸ்மராண்டா குழந்தைகளுக்கு எடுத்துவந்த சனிக்கிழமை வகுப்பு. முற்றத்தில் ஒரே ஒரு பாதாம் மரம். அதன் அடியில் பின்பக்கத்தைக் கோயில் வாசலுக்குத் திருப்பிக்கொண்டு வெள்ளை வண்டி நின்றது. கண்ணாடி முழுக்கப் பூவிதழ். டிரைவர் ஜெலு வண்டியில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் வாயிலிருந்த தோலைத் துப்பிவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

“கடவுள் அவங்கள மன்னிக்கட்டும், பெரியவரே.”

“மன்னிக்கட்டும்” என்று நெகுலாய் வழக்கப்படி பதில் சொன்னார்.

“பூசை முடிஞ்சதும் கிளம்பினா ராத்திரிக்குள்ள பிரான்ஸ் தாண்டிடலாம்.” டிபேரியுவைப் பார்த்தான். “பேப்பர் எல்லாம் சீட்ல வெச்சிருக்கேன் சார். அவசரமில்ல.”

“சரி” என்றான் டிபேரியு.

சனிக்கிழமை என்பதால் குழந்தைகள் வழக்கமான நேரத்துக்கே வந்திருந்தார்கள். மார்ச் முதல் தேதி விழாவுக்கென்று எடுத்துவைத்த பூவேலைச் சட்டைகளையே போட்டிருந்தார்கள். கறுப்பு வேண்டாமா என்று அம்மாக்களுக்குள் போனில் வாக்குவாதம் நடந்து, கடைசியில் அந்த வயதுக் குழந்தைகளுக்குக் கறுப்புச் சட்டை யாரிடமும் இல்லை என்று முடிந்திருந்தது. அந்த அம்மாக்களில் ஒருத்தியான வியோரிக்கா பெரிய தட்டில், துக்கத்துக்குச் செய்யும் கோலிவா கொண்டுவந்திருந்தாள். வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் வால்நட்டும் பிசைந்து, மேலே கோகோவால் சிலுவை போட்டது. முதலில் டிபேரியுவைக் கட்டிக்கொண்டாள். பிறகு நெகுலாயின் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

“உங்க பொண்ணுதான் எம்பொண்ணுக்கு நம்ம பாஷையக் கத்துக்குடுத்தா அண்ணா. நான் வீடு பெருக்கிட்டு வந்து தூங்கிடுவேன். பேச நேரமே கெடையாது.”

“நானும் சனிக்கிழமதான் போன் போடுவேன்” என்றார் நெகுலாய். “எடுத்தாலும் பேச மாட்டா. அப்பா வகுப்புல இருக்கேன், அப்புறம். இதே பதில். வருஷக்கணக்கா.”

வியோரிக்கா தட்டைப் பார்த்தாள்.

பெட்டியை உள்ளே கொண்டுபோய் மூடியை எடுத்தார்கள். டிபேரியு குனிந்து கழுத்துக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தான். இறுக்கிப் போட்டிருந்தார்கள். நகம் வைத்து நெம்ப வேண்டியிருந்தது. அவிழ்ந்ததும் இரண்டு குஞ்சங்களையும் அதனதன் இடத்தில் விட்டான். வியாழக்கிழமைக்குப் பிறகு முதன்முறையாக அவளைத் தொட்டது அப்போதுதான். புறங்கையில் பட்ட குளிர் சாயங்காலம் வரை போகவில்லை.

நெகுலாய் சுருளை அவள் நெஞ்சின்மேல் வைத்து நுனியை ஏற்றினார். தேன் வாசனை எழுந்தது. பாதிரியார் தொடங்கினார்.

வழிபாடு நீளமானது. டிபேரியு நின்றான். எல்லோரும் மண்டியிட்டபோது மண்டியிட்டான். சுருளின் வெளிவட்டம் மெதுவாக உருகிக்கொண்டு வந்ததைக் கவனித்தான். மெழுகு சட்டையில் சொட்டாதபடி நெகுலாய் அவ்வப்போது கட்டைவிரலால் தடுத்தார். சுட்டிருக்கும். அவர் முகத்தில் அது தெரியவில்லை.

கடைசி முத்தத்துக்கு நேரம் வந்தது. பெரியவர்கள் வரிசையாக வந்து நெற்றியில் முத்தமிட்டு நகர்ந்தார்கள். அதன் பிறகு குழந்தைகள்.

முதலில் தெயோதோரா. வியோரிக்காவின் மகள், பதினோரு வயது, வகுப்பில் மூத்தவள். முத்தமிடவில்லை. சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தாள். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல், நுனியில் களிமண்ணில் செய்த சின்னப் பறவை. மார்ச் முதல் தேதி, பிடித்த பெண்களுக்கு நெஞ்சில் குத்திவிடுகிற நூல். ஊக்கைத் திறந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, டீச்சரின் சட்டையில் கவனமாகக் குத்தினாள்.

அடுத்தவனும் குத்தினான். அவனுக்கு அடுத்தவளும்.

கூட்டத்தில் முனகல் எழுந்தது. வியோரிக்கா பதறிப்போய் ஸ்பானிஷில் ஏதோ கத்தினாள். பிறகு இருக்கும் இடம் நினைவு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“ஏய்! என்னடி பண்றீங்க? செத்தவங்களுக்கு அத குத்துவாங்களா?”

தெயோதோரா திரும்பினாள். “இன்னிக்கு ஒண்ணாம் தேதிம்மா.”

“அதுக்கு?”

“போன வாரம் டீச்சருக்குன்னு செஞ்சோம். ஒண்ணாம் தேதி குடுக்கணும்னு டீச்சர்தான் சொன்னாங்க.”

பாதிரியார் புத்தகத்தை மூடாமல் நெகுலாயைப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். டிபேரியுவும்.

அது உயிரோடு இருப்பவர்களுக்கான நூல். பனி போய் வெயில் வருவதற்கும், வருஷம் முழுக்க உடம்பு நன்றாக இருப்பதற்கும் கட்டுவது. அதைப் பெட்டிக்குள் அனுப்பினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, இதுவரை யாரும் அனுப்பியதில்லை. ஊரில் வளர்ந்த குழந்தை இந்தத் தப்பைச் செய்யாது. அது நான்கு வயதிலேயே இறந்துபோன ஒரு பக்கத்து வீட்டுக்காரருக்காவது கடைசி முத்தம் கொடுத்திருக்கும். இவர்களுக்கு ஸ்மராண்டா விழாக்களைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். பாடம் சாவு வரை இன்னும் வரவில்லை.

நெகுலாய் பெட்டியருகே வந்தார். முதல் ஊக்கைத் திறக்கப் போனார்.

“தாத்தா, கழட்டக் கூடாது” என்றாள் தெயோதோரா.

“என்னது?”

“மரம் பூத்தாதான் கழட்டணும். கழட்டி அந்த மரத்துலயே கட்டணும். அதுவரைக்கும் போட்டுட்டே இருக்கணும்.”

“யாரு சொன்னா?”

“டீச்சர்.”

“டீச்சருக்கு யாரு சொன்னா தெரியுமா?”

தெயோதோராவுக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொடுத்தவர் நெகுலாய்தான். ஊக்கின்மேல் கை வைத்தபடி நின்றார்.

“மார்ச் ஒண்ணாம் தேதி எந்த மரம் பூக்கும்? எங்க வீட்டு வாசல்ல முழங்கால் வரைக்கும் பனி கெடக்கு.”

“வெளியில” என்றாள் வரிசையில் கடைசியாக நின்ற காசியானா. ஆறு வயது. கோயிலில் பேசலாமா என்று தெரியாததால் கையை உயர்த்திக்கொண்டு சொன்னாள். “வெளியில பூத்திருக்கு தாத்தா. நெறைய.”

நெகுலாய் கையை எடுத்தார். பெட்டியைச் சுற்றிக்கொண்டு, கூட்டத்தின் நடுவே நடந்து, கதவைத் திறந்து வெளியே போனார். டிபேரியு பின்னால் போனான். குழந்தைகளும் போனார்கள். பாதிரியார் தலையசைத்தார். வியோரிக்கா சிலுவை போட்டுக்கொண்டு மெழுகு சொட்டாமல் பார்த்துக்கொள்ள பெட்டியருகே வந்தாள்.

முற்றத்தில் நல்ல வெயில். நெகுலாய் மரத்தை அண்ணாந்து பார்த்தார். வந்தபோது வண்டியைத்தான் பார்த்திருந்தார். இப்போது மரம் தெரிந்தது. கிளை தெரியாமல் பூத்திருந்தது. தேனீக்கள் இரைந்தன. அவர் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“பாதாமா?”

“ஆமா மாமா.”

“இந்தக் கல்லுத் தரையில எப்படி இவ்வளவு பெருசா வந்தது? யாரு தண்ணி ஊத்தறா?”

“ஸ்பானிஷ் பேசினவங்க” என்றாள் தெயோதோரா.

“யாரு?”

“கேட்டுக்குள்ள வந்துட்டா நம்ம பாஷைதான் பேசணும். யாராவது ஸ்பானிஷ் பேசிட்டா ஒரு வாளி தண்ணி ஊத்தணும். அது டீச்சரோட சட்டம்.”

நெகுலாய் அவளைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். “அவ்வளவு பேசுவீங்களா?”

“மரத்தப் பாருங்களேன் தாத்தா.”

ஜெலு சிரித்துவிட்டான். உடனே தொப்பியால் வாயை மூடிக்கொண்டான். நெகுலாயின் மீசை அசைந்தது. சிரிப்பா என்று டிபேரியுவால் சொல்ல முடியவில்லை.

“யாரு ரொம்ப ஊத்துனது?”

எல்லாக் குழந்தைகளும் காசியானாவைக் காட்டினார்கள். அவள் பெருமையாக நின்றாள்.

“டீச்சரும் ஊத்துவாங்க” என்றாள். “ஒரு தடவ கால்ல மேசை இடிச்சு ஸ்பானிஷ்ல திட்டிட்டாங்க. அன்னிக்கு நாலு வாளி.”

“நாலா?”

“பெரிய திட்டு.”

நெகுலாய் மரத்தடிக்குப் போக முயன்றார். வண்டி வழியில் நின்றது. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் கோயில் படி. கிளைகள் எல்லாம் வண்டிக்கு மேலேதான் தாழ்ந்திருந்தன. குழந்தைகள் யாருக்கும் எட்டாது. வண்டியின் பின்கதவு வரை போய் நின்றார். அந்தக் கதவைத் திறந்து உள்ளேதான் பெட்டியைத் தள்ளுவார்கள். கதவின் கைப்பிடியில் ஒரு பூ சிக்கியிருந்தது. அதை எடுத்தார்.

டிபேரியு படியருகிலேயே நின்றான்.

“சனிக்கிழமை தவறாம வருவாங்களா இதுங்க?” நெகுலாய் முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

“தவறாம.”

“மழைன்னா?”

“மழையிலயும்.”

“சாமி” என்றார் தனக்குள். பிறகு ஜெலுவைப் பார்த்தார். “தம்பி, வண்டிய எடு.”

“எங்க நிறுத்தட்டும் பெரியவரே? வாசல்கிட்ட கொண்டாரவா?”

“இல்ல. கேட்டுக்கு வெளிய.”

ஜெலு அவரையும் டிபேரியுவையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்புறம் எப்படி ஏத்தறது?”

“ஏத்த வேணாம். கோலிவா சாப்புட்டுட்டு நீ கெளம்பு. அவ்வளவு தூரம் வந்திருக்கே.”

ஜெலு தொப்பியைப் போட்டுக்கொண்டான். பிறகு வண்டிக்குள் ஏறினான். இந்தத் தொழிலில் இதையும் பார்த்திருப்பான் போல. வண்டி முன்னால் நகர்ந்தபோது கண்ணாடியிலிருந்த இதழ்கள் வழியெல்லாம் சிதறின. வண்டி நின்ற இடத்தில் மட்டும் தரை சுத்தமாக, செவ்வகமாக இருந்தது.

நெகுலாய் உள்ளே போனார். ஒவ்வொரு ஊக்காகத் திறந்து, மகளின் சட்டையிலிருந்து நூல்களைக் கழற்றித் தொப்பிக்குள் போட்டார். கடைசியில் சட்டையை நீவிவிட்டார். குனிந்து நெற்றியில் முத்தமிட்டார். பாதிரியார் விட்ட இடத்தை மறுபடி புத்தகத்தில் தேட வேண்டியிருந்தது, அவ்வளவு நேரம் அங்கேயே இருந்தார். பிறகு தொப்பியோடு வெளியே வந்து, யாருடையது எது என்று கேட்டுக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். களிமண் பறவை, பொத்தான், இலை, கால் உடைந்த ஆடு.

“இது குதிரை” என்றாள் காசியானா.

“சரி. குதிரை.”

ஒரு கிளையைப் பிடித்துத் தாழ இழுத்தார். குழந்தைகள் கட்டினார்கள். முடிச்சுப் போடத் தெரியாதவர்களுக்கு டிபேரியு போட்டுவிட்டான். கட்டி முடித்ததும் நெகுலாய் கிளையை விட்டார். அது மேலே போனது. அவர் குனிந்து மரத்தடி ஈர மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

தெயோதோரா டிபேரியுவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அங்கிள், அடுத்த வாரம் வகுப்பு இருக்கா?”

“இருக்கு.”

“யாரு எடுப்பாங்க?”

டிபேரியு இந்த ஊருக்கு வந்தது பத்து வயதில். அவனுடைய தாய்மொழிப் பேச்சில் பாதியை ஸ்மராண்டா கடைசி வரை திருத்திக்கொண்டிருந்தாள். பாட்டு வராது. ஆடத் தெரியாது. களிமண்ணை எந்தச் சூட்டில் சுட்டால் உடையாது என்பது மட்டும் தெரியும்.

“நீங்க வாங்க” என்றான். “வழக்கமான நேரம்.”

“நீங்களா?” அவள் கொஞ்சம் யோசித்தாள். “நீங்க ஸ்பானிஷ் பேசினா நீங்களும் ஊத்தணும்.”

“தெரியும்.”

மயானத்தில் காற்று கடல் பக்கமிருந்து வந்தது. பெட்டியை இயந்திரத் தட்டில் வைத்து நான்காவது அடுக்குக்கு உயர்த்தி உள்ளே தள்ளினார்கள். கொத்தனார் பலகையை வைத்து அடைத்து, பிளாஸ்டரைக் குழைத்து அப்பினார். தண்ணீர் கொஞ்சம் அதிகம் என்று டிபேரியுவுக்குத் தோன்றியது. காய்ந்தால் ஓரத்தில் மெல்லிய விரிசல் விடும். கல் பதிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம். கொத்தனார் ஆணி முனையால் ஈரத்தில் பெயரைக் கீறினார். தேதியையும்.

“மண்ணு போடணுமே” என்று வியோரிக்கா கிசுகிசுத்தாள். “எங்க போடறது?”

நெகுலாய் ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரும்பு ஏணி, மேலே நிற்க ஒரு தட்டு, கீழே நான்கு சக்கரம். சக்கரங்களைப் பூட்டும் கொக்கி உடைந்திருந்தது. டிபேரியு ஏணியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான்.

“விடு மாப்ளே. நானே ஏறறேன்.”

ஏறினார். கைக்குட்டையை அவிழ்த்து, அறையின் விளிம்பில் இருந்த ஒடுக்கமான கல்லின்மேல் மண்ணைப் பரப்பினார். காற்றில் கொஞ்சம் அவர் கோட்டிலேயே விழுந்தது. பையிலிருந்து மெழுகுச் சுருளை எடுத்தார். பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. மண்ணின்மேல் வைத்து, தீக்குச்சியைக் கிழித்தார். அணைந்தது. இன்னொன்று கிழித்தார். அதுவும் அணைந்தது. காற்றுக்கு மறைவாகத் திரும்பினார். ஏணி லேசாக நகர்ந்தது.

“தாத்தா, ஆடாதீங்க” என்றாள் தெயோதோரா. ஏணியைப் பிடித்தாள். மற்றவர்களும் ஓடிவந்து பிடித்தார்கள். கை எட்டாதவர்கள் சக்கரங்களுக்கு முன்னால் காலை வைத்தார்கள்.

“புடிச்சிருக்கீங்களா?” என்று மேலேயிருந்து கேட்டார்.

“புடிச்சிருக்கோம்.”

“எல்லாரும்?”

“எல்லாரும்.”

இன்னொரு குச்சி கிழிபட்ட சத்தம் கேட்டது. டிபேரியு அண்ணாந்து பார்க்கவில்லை. சக்கரத்தில் காசியானாவின் வெள்ளை ஷூ நசுங்கிக்கொண்டிருந்தது. அவள் காலை எடுக்கவில்லை. அவன் தன் காலை அதன் பக்கத்தில் வைத்தான்.